மாவடிவிளையில் கசிந்த சம்பளம்

அத்தியாயம் 4

ஞானசெல்விக்கு ஷிஜியைப் பிடிக்காது. ஏன் என்று கேட்டால் நாலைந்து காரணம் சொல்வாள். நாலைந்தும் பொய். உண்மையான காரணம் பொறாமை.

நாகர்கோவிலில் இருவரும் ஒரே வகுப்பில் புள்ளியியல் படித்தவர்கள். ஷிஜி முதலாவது வருவாள், ஞானசெல்வி இரண்டாவது வருவாள். ஆண்டு விழாவில் ஷிஜி பாடுவாள், ஞானசெல்வி மைக்கைச் சரி செய்து கொடுப்பாள். அரசாங்கக் கணக்கெடுப்பு வேலைக்கு இருவரும் மனு போட்டார்கள். கிடைத்தது ஷிஜிக்கு. கிடைக்காதவள் நெய்யூரில் ஒரு பேக்கரிக்கு மேலே அறை பிடித்து, 'செல்வி துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டினாள். மாப்பிள்ளை குடிப்பானா, சொன்ன வேலையில்தான் இருக்கிறானா என்று விசாரிப்பதுதான் தொழிலில் முக்கால்வாசி.

அந்த ஷிஜிதான் இப்போது அதே அறையில், அதே போர்டுக்குக் கீழே, மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தக் காட்சிக்காக ஞானசெல்வி எத்தனையோ வருஷம் ஏங்கியிருக்கிறாள். வந்த பிறகு முழுசாக ரசிக்கத்தான் முடியவில்லை.

"ஏட்டி செல்வி, நான் யாருகிட்டயும் ஒரு வார்த்தை மிண்டல்ல. நீயாவது நம்புகியா?"

ஞானசெல்வி நம்பவில்லை. ஆனால் ஃபீஸ் என்று ஒன்று உண்டே. "முழுசா சொல்லு" என்றாள்.

விஷயம் இதுதான். வேலை, சம்பாத்தியம் பற்றிய கணக்கெடுப்புக்கு இந்த முறை மாவடிவிளைத் தெருவில் சில வீடுகள் தேர்வாகியிருந்தன. ஷிஜி டேப்லெட்டோடு போய், வீட்டில் யார் யார் வேலைக்குப் போகிறார்கள், போன மாதம் என்ன வருமானம் என்று கேட்டுப் பதிந்தாள். எந்தப் பதிலுக்கும் அதில் ஒரு கோட் நம்பர் உண்டு. சொல்கிற எதுவும் வெளியே போகாது என்று வீட்டுக்கு வீடு உறுதி கொடுத்தாள். அவள் போன பத்து நாளில் மூன்று வீட்டுச் சம்பளம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மூன்றாவது வீடு நேசம்மாள் டீச்சருடையது. துபாயில் இருக்கும் அவர் மகன் ஆன்ஸ்லினுக்கும் அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் பெமிலாவுக்கும் நிச்சயம் முடிந்திருந்தது. மாப்பிள்ளையின் சம்பளம் சொன்னதில் பாதிகூட இல்லை என்று தெரிந்ததும் பெண் வீட்டார் கல்யாணத்தை முறித்துவிட்டார்கள். ஷிஜிதான் வெளியே சொன்னாள் என்று டீச்சர் புகார் கொடுத்தார். இன்று சாயங்காலம் மேலதிகாரி சர்ச்சுச் சபை மண்டபத்துக்கு விசாரிக்க வருகிறார்.

"நான் ஒப்பந்தத்துலதான் இருக்கேன். அவரு கையெழுத்துப் போட்டா இன்னையோட தீந்திச்சு" என்றாள் ஷிஜி.

"அப்ப ஒண்ணு செய். அந்த மூணு வீட்டுலயும் உனக்கிட்ட என்ன தொகை சொன்னாவன்னு எனக்குச் சொல்லு. ஊருல பரவுனதும் அதுவும் வேற வேறன்னா நீ தப்பிச்சிருவ."

"சொல்லமாட்டேன்."

"வேலை போவப்போவுது, ஷிஜி."

"போனாலும் சொல்லக்கூடாது. அவிய எனக்கிட்ட சொன்னதை நான் உனக்கிட்ட சொன்னா, அந்தப் புகார் உள்ளதாயிரும்லா?"

ஞானசெல்விக்குச் சுருக்கென்றது. ஒழுங்காக இருப்பதில்கூட இவள்தான் முதலாவது வர வேண்டுமா?

ஷிஜி படியிறங்கிப் போனதும், அதுவரை ஜன்னலோரம் பப்ஸ் தின்றுகொண்டிருந்த லிபின் வாயைத் துடைத்தான். குளச்சல் கடற்கரைக்காரன். வளைகுடாவில் மூன்று வருஷம் டிரைவராக இருந்துவிட்டு, இப்போது ஞானசெல்வியின் ஸ்கூட்டரையும் பொறுமையையும் ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

"அக்கா, தன் வேலையே போனாலும் வாயைத் தொறக்கமாட்டேங்குகாவ. வாயைத் தொறந்துட்டாவன்னுதான் கேஸே. இதை யாருக்கிட்டச் சொல்லிச் சிரிக்கது?"

"அது நடிப்பா இருக்கும்."

"உங்களுக்கு அவங்க மேல நல்ல பாசம் உண்டு, கேட்டியளா."

"வண்டிய எடுலே."

ஸ்கூட்டர் மாவடிவிளைக்குப் போகும் வழியெல்லாம் ஞானசெல்வி ஒரு விஷயத்தை அவனிடமிருந்து மறைத்தாள். அவளும் அந்தத் தெருக்காரி என்பது அவனுக்குத் தெரியும். அவள் வீடும் தேர்வாகியிருந்தது தெரியாது. ஷிஜி அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, "போன மாசம் தொழில்ல என்ன கிடைச்சு?" என்று கேட்டாள். வேறு யார் கேட்டிருந்தாலும் உள்ளதைச் சொல்லியிருப்பாள். கேட்டது ஷிஜி என்பதால் அப்படியே இரண்டு மடங்காக்கிச் சொன்னாள். ஷிஜியின் முகத்தில் ஒரு சின்ன மாறுதலாவது தெரியும் என்று பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. அது இன்னும் எரிச்சல்.

முதல் வீடு ஜான்ரோஸ். தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறவன். கேட்டைத் திறக்கும்போதே கொதித்துக்கொண்டிருந்தான்.

"பதினெட்டாயிரமாம்க்கா! நான் பதினெட்டாயிரத்துக்கு மாடு மேய்க்கியது மாதிரி ஊரெல்லாம் பேச்சு. எனக்க மச்சான் போன் பண்ணி ஆறுதல் சொல்லுகான். 'கவலைப்படாத அளியா, நான் இருக்கேன்'னு! அவனுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?"

"வெளிய வந்ததுக்குக் கோவமா, குறைச்சு வந்ததுக்குக் கோவமா?" என்றான் லிபின்.

"குறைச்சு வந்ததுக்குத்தான்! அது வேலைக்குச் சேந்தப்ப உள்ள சம்பளம். இப்ப அதைப்போல ரெண்டு பங்குக்கு மேல வாங்குகேன்."

"ஷிஜிகிட்ட என்ன சொன்ன?" என்று கேட்டாள் ஞானசெல்வி.

ஜான்ரோஸ் குரலைத் தாழ்த்தினான். "அதைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். மச்சான் ஹால்ல உக்காந்து சாயா குடிச்சிட்டிருந்தான்லா."

வெளியே வந்ததும் லிபின் வண்டியை எடுக்காமல் நின்றான். "ஷிஜியக்காட்ட சொன்னது கூடுதல். ஊருல பரவுனது குறைவு. தண்ணி கசிஞ்ச குழாய் இது இல்லியே?"

"ஒரு வீட்டை வச்சுத் தீர்ப்பு எழுதாத" என்றாள் ஞானசெல்வி. ஷிஜி குற்றவாளியாகத்தான் இருக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இன்னும் விடவில்லை.

இரண்டாவது வீடு பிந்து. தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், பக்கத்து வீட்டுப் பக்கம் கண்ணைக் காட்டிவிட்டு மெல்லப் பேசினாள். அது அவள் கொழுந்தன் மனைவியின் வீடு.

"பதினோராயிரம்னு ஒரு கதை வந்ததுல இருந்து அவளுக்குத் தலைகால் புரியல்லக்கா. நான் புதுசா ஒரு சாரி உடுத்துனாலும் ஒரு நமட்டுச் சிரிப்பு. முன்னெல்லாம் நான் டியூட்டிக்குப் போறதைப் பாத்தா அவளுக்கு வயிறு எரியும். அது எவ்வளவோ நல்லா இருந்திச்சு."

"அந்தத் தொகைதான் ஷிஜிகிட்ட சொன்னதா?"

"இல்ல. உள்ளதுல இருந்து கொஞ்சம் குறைச்சுதான் சொன்னேன். ரேசன் கார்டுல கை வச்சிருவாவளோன்னு பயம். ஆனா பதினொண்ணு சொல்லல்ல. அந்தச் சம்பளத்தை நான் ஒரே ஒரு மாசம்தான் வாங்கினேன். அடுத்த மாசமே கூட்டித் தந்துட்டாவ. அது எப்பிடி இந்த ஷிஜிக்குத் தெரிஞ்சுதுன்னுதான் எனக்குப் புரியல்ல."

ஞானசெல்விக்கும் புரியவில்லை. புரியாத இடத்தில் அவளுக்குச் சாயா வேண்டும். முக்குக் கடையில் பழம்பொரியோடு உட்கார்ந்தார்கள்.

"அரசாங்கத்துக்கு ஒரு சம்பளம், மச்சானுக்கு ஒரு சம்பளம், உள்ளது ஒண்ணு. ஒரு வீட்டுக்கு மூணு சம்பளம் இருக்கு, அக்கா. ஊருல சுத்துறது இது மூணுமே இல்ல. நாலாவதா ஒண்ணு, அதுவும் செத்துப்போன சம்பளம்" என்றான் லிபின். "அது இருக்கட்டும். உங்க வீட்டுலயும் எடுத்தாவல்லா? உங்க வருமானத்தைப் பத்தி ஏன் ஒரு பேச்சும் கிளம்பல்ல?"

"உனக்கு எப்பிடித் தெரியும் எங்க வீட்டுல எடுத்தது?"

"உங்க மூஞ்சில எழுதியிருக்கு. சொல்லுங்க."

அதுதான் பத்து நாளாக ஞானசெல்வியைக் குடைந்துகொண்டிருந்தது. ஊரே ஜான்ரோஸின் சம்பளத்தைப் பேசுகிறது, பிந்துவின் சம்பளத்தைப் பேசுகிறது. தன் வருமானத்தைப் பற்றிப் பேச ஒரு நாய்கூட இல்லையா? வம்புக்குக்கூட லாயக்கில்லாத ஆளாகிவிட்டோமா? அவர்கள்மேல்கூட அவளுக்குப் பொறாமை வந்திருந்தது.

"கொத்தனார் வீட்டுலயும் எடுத்தாவ. பலசரக்குக் கடைக்காரர் வீட்டுலயும் எடுத்தாவ. அவிய பேரும் வரல்ல" என்றாள் வீம்பாக.

"அப்ப மாசச் சம்பளக்காரங்க மட்டும்தான் மாட்டியிருக்காவ. கூலிக்காரனும் சொந்தத் தொழில்காரியும் தப்பியாச்சு." லிபின் பழம்பொரியை ஊதினான். "எங்க ஊருல கடலுக்குப் போறவனுக்கு ஏது சம்பளம்? நான் வளைகுடா போய் முதல் சம்பளம் வாங்குனதும் அம்மைக்கு அனுப்புனேன். அம்மை அதுல மாதா குருசடிக்குக் கொஞ்சம் மெழுகுதிரி வாங்கிக் கொளுத்திட்டு மிச்சத்தை மடியில முடிஞ்சுட்டா. உங்க ஆளுங்க முதல் சம்பளத்தை என்ன செய்வாவ?"

"நாங்க சர்ச்சுல படைப்..."

ஞானசெல்வியின் கை டம்ளரோடு அப்படியே நின்றது.

பிறந்ததிலிருந்து பார்க்கிற வழக்கம். அதனாலேயே கண்ணில் படவில்லை. மாவடிவிளை சபையில் யாருக்கு வேலை கிடைத்தாலும் முதல் மாதச் சம்பளம் முழுசாகக் காணிக்கைக்குப் போகும். போதகர் பெயர் சொல்லி ஜெபிப்பார், தொகையைச் சொல்லமாட்டார். அரசாங்கத்திடம் குறைப்பார்கள், மச்சானிடம் கூட்டுவார்கள், அந்த ஒரு நாள் மட்டும் ஒரு ரூபாய் ஒளிக்கமாட்டார்கள். கொத்தனாருக்கு மாதச் சம்பளம் இல்லை, படைக்கவில்லை. ஞானசெல்விக்கும் எந்த முதலாளியும் சம்பளம் தந்ததில்லை, அவளும் படைக்கவில்லை.

"ஒரு மாசம் மட்டும் உயிரோட இருந்த சம்பளம், லே! பிந்துவுக்க பதினொண்ணு அன்னைக்குக் காணிக்கைல வந்தது. ஜான்ரோசுக்க பதினெட்டும் அதுதான்."

"அப்ப காணிக்கையைப் பிரிச்சுப் பாக்குற ஆளு யாரு?"

ஞானசெல்வி பதில் சொல்ல இரண்டு வாய் சாயா தேவைப்பட்டது. "வருஷக்கணக்கா ஒரே ஆளுதான். நேசம்மாள் டீச்சர்."

லிபினுக்குப் புரையேறியது. "அவங்கதான்க்கா புகார் குடுத்ததே! அவங்க மவன் கல்யாணம்லா முறிஞ்சது!"

"ஆன்ஸ்லினுக்குப் போன் போடு."

துபாயில் மதியச் சாப்பாட்டு நேரம். ஆன்ஸ்லினின் குரல் செத்துக் கிடந்தது. முதல் சம்பளம் எவ்வளவு என்று ஞானசெல்வி கேட்டாள். ஊரில் பரவிய தொகையைவிட அது ரொம்ப அதிகம்.

"அந்தக் கம்பெனி மூடிட்டாவக்கா. போன மாசம்தான் வேற இடத்துல சேந்தேன். இங்க சம்பளம் கம்மி. இன்னும் பெமிலாட்டகூடச் சொல்லல்ல. நேர்ல பாக்கும்போ சொல்லிக்கலாம்னு இருந்தேன். அம்மைக்கிட்ட மட்டும்தான் சொன்னேன். யாரோ பெமிலாவுக்க சித்திக்குப் போன்ல சொல்லியிருக்காவ. அம்மை அதைக் கணக்கெடுக்க வந்தவகிட்ட மட்டும்தான் சொன்னாளாம்."

ஞானசெல்வி போனை வைத்தாள். மூன்று தொகைகளில் இரண்டு பழசு, ஒன்று புதுசு. பழசு இரண்டும் சபையில் எண்ணிய கைக்குத் தெரியும், ஷிஜிக்குத் தெரியாது. மூன்றும் தெரிந்தது அந்த அம்மாவுக்கு மட்டும்தான்.

நேசம்மாள் டீச்சர் விசாரணைக்குப் போகத் தயாராக, வெள்ளைச் சேலையும் கைப்பையுமாக முன்னறையில் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. ஊரில் பாதிப்பேர் அவரிடம் காதைத் திருகக் கொடுத்தவர்கள், ஞானசெல்வி உட்பட.

"வா செல்வி. அந்தப் பிள்ளைக்காகப் பேச வந்தியா?"

"இல்ல டீச்சர். எனக்கும் அவளைப் பிடிக்காது. ஒரு சின்ன சந்தேகம். ஆன்ஸ்லின் படைச்ச முதல் சம்பளம் எவ்வளவு?"

டீச்சர் கொஞ்சமும் தயங்காமல் சொன்னார். முகத்தில் பெருமை பொங்கியது. "அன்னைக்கு நம்ம சபையில அவ்வளவு படைச்ச பையன் வேற கிடையாது."

"ஜான்ரோசு?"

"அவன் என்னத்த, பதினெட்டு."

"பிந்து?"

"பதி..." டீச்சரின் வாய் மூடிக்கொண்டது.

ஞானசெல்வி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்த ரெண்டையும் மீன்காரி காதுல போட்டிய. மூணாவதைப் பெமிலாவுக்க சித்திக்குப் போன்ல சொன்னிய" என்றாள் ஞானசெல்வி. "ஒரு வீட்டு விசயம் மட்டும் வெளிய வந்தா வீட்டு ஆளைத்தான் சந்தேகப்படுவாவ. மூணு வீடுன்னா கணக்கெடுக்க வந்தவ தலையில விழும். ஆனா உங்க கையில இருந்தது பழைய சம்பளம், டீச்சர். ஷிஜி கேட்டது போன மாசத்துச் சம்பளம். பெத்த மவனுக்க கல்யாணத்தை எதுக்கு முறிச்சிய?"

டீச்சர் மறுக்கவில்லை. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"அவ ஒரு மாசத்துல வாங்குறதை இவன் ஒரு வருஷம் வேல செஞ்சாலும் வாங்கமாட்டான். கல்யாணம் முடிஞ்சா இவன் வேலைய விட்டுட்டு அவளுக்க விசாவுல அவளுக்க வீட்டுக்குப் போய் இருக்கணுமாம். என்னால தாங்க முடியல்ல பிள்ளே. இந்த வீட்டுல கூடுதல் சம்பளம் வாங்குன பொம்பளை நான் ஒருத்திதான். அந்த இடத்துல வேற ஒருத்தி வந்து இருக்கியதை..."

"பொறாமை" என்றாள் ஞானசெல்வி.

"ஆமா. பொறாமைதான். பயமும் உண்டு." டீச்சர் சுவரில் மாட்டியிருந்த கணவரின் படத்தைப் பார்த்தார். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து இறந்தவர். "என்னைவிடச் சம்பளம் கம்மியா வாங்குன மனுசன். அவியள நான் எப்பிடி நடத்துனேன்னு எனக்குத் தெரியும்லா. சோறு போடும்போ ஒரு சொல்லு, ஆளுங்க முன்னால ஒரு சொல்லு. ஒரு நாளும் திருப்பிப் பேசல்ல. அதே பாடு எனக்க மவனும் படணுமா?"

ஆனால் சபை மண்டபத்தில் ஒருத்தி வேலையைப் பறிகொடுக்கக் காத்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு ஷிஜி என்ன செய்தா டீச்சர்?"

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். வகுப்பில் பொய் சொல்கிறவளைப் பார்க்கும் அதே பார்வை.

"நீ அவளுக்காக வருத்தப்படுகியா? மீன்காரி ஷிஜி பேரைச் சொன்னதும், 'ஷிஜி அப்பிடித்தான், எனக்கு அவளைப் பண்டே, காலேஜ்லயே தெரியும்'னு முதல்ல நம்புனவ நீதான. நீ சொன்ன பெறகுதான் ஊரு நம்பிச்சு."

அது உண்மை. மீன் சட்டியோடு நின்று ஞானசெல்வி அப்படித்தான் சொன்னாள். யாரும் கேட்காமலே சொன்னாள்.

"அப்ப நாம ரெண்டு பேரும் போவோம்" என்றாள். "நீங்க சொன்னதை நீங்க சொல்லுங்க. நான் சொன்னதை நான் சொல்லுகேன்."

சபை மண்டபத்தில் அதிகாரியும் தெருக்காரர்களும் இருக்க, நேசம்மாள் டீச்சர் எழுந்து நின்று, அந்தப் பிள்ளைமேல் குற்றமில்லை, வெளியே சொன்னது நான் என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை. ஞானசெல்வி எழுந்து தன் பங்கைச் சொன்னாள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஷிஜி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அன்றோடு காணிக்கை எண்ணும் வேலை டீச்சர் கையைவிட்டுப் போனது. ஆன்ஸ்லின் நேராகப் பெமிலாவோடு பேசிவிட்டான், அயர்லாந்துக்கு விசா போட்டிருக்கிறான் என்று கேள்வி. அம்மாவிடம் மட்டும் பேசுவதில்லை.

அடுத்த மாதம் ஒரு முற்பகலில் ஷிஜி டேப்லெட்டோடு ஞானசெல்வியின் வீட்டுக்கு வந்தாள். இந்தக் கணக்கெடுப்பில் ஒரே வீட்டுக்கு மாதம் ஒரு தடவையாக நாலு தடவை போக வேண்டும். அதே நாற்காலி. அதே கேள்வி.

"லிபின், நீ வெளிய போ" என்றாள் ஞானசெல்வி.

"நான் கேட்டா என்னவாம்? எனக்கு நீங்க தர்ற சம்பளத்தை வச்சே உங்க வருமானத்தைக் கணக்குப் போட்டிருவேன். பூஜ்யத்துக்குப் பக்கத்துல வரும்."

"போலே!"

கதவு சாத்தியதும் ஞானசெல்வி தன் வருமானத்தைச் சொன்னாள். இந்தத் தடவை உள்ளதை, ஒரு ரூபாய் கூட்டாமல் சொன்னாள். சொல்லும்போது ஷிஜியின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஷிஜி பதிந்தாள். டேப்லெட் ஒரு சின்ன ஒலி எழுப்பியது.

"போன தடவை சொன்னதுல சரிபாதியா இருக்கு, செல்வி. இவ்வளவு குறைஞ்சா காரணம் கேக்குது. தொழில் மந்தமா? உடம்புக்குச் சுகமில்லையா? லீவு எடுத்தியா?"

"ஒண்ணும் குறையல்ல. போன மாசமும் இதேதான்."

"பெறகு?"

"போன தடவை கேட்டது நீயில்லியா. அதான் கூட்டிச் சொன்னேன்." ஞானசெல்வி டேப்லெட்டைக் கையால் காட்டினாள். "காலேஜ்ல இருந்தே எனக்கு உனக்க மேல பொறாமை, ஷிஜி. அதையே காரணம்னு போடு."

ஷிஜி குனிந்து, திரையில் வரிசையாக இருந்த காரணங்களை மேலிருந்து கீழே வரை விரலால் தள்ளித் தேடினாள். ஒருமுறை அல்ல, இரண்டு முறை தேடினாள்.

"அதுக்கு இதுல கோட் இல்லட்டி" என்றாள். "சாயா இருந்தா போடு. நான் பெறகு எழுதிக்கிடுகேன்."